மூன்று அட்டைகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமில்லை. தலைக்கு மேலே தீபாவளி அலங்கார விளக்குகள். தேக்காவிலிருந்து வீரமாகாளியம்மன் கோயில் வரை மக்கள் கூட்டம். கேம்பல் லேன் கடைகளில் அகல்விளக்கு, தோரணம், முறுக்கு டப்பா என்று என் மனைவி ஒவ்வொன்றாக விலை கேட்டுக்கொண்டு வந்தார்.

அவர் கைப்பையில் நான்கு கடித உறைகள் இருந்தன. ஒன்றில் ‘துணி’, ஒன்றில் ‘பலகாரம்’, ஒன்றில் ‘பூசை’, நான்காவதில் ‘அங்பாவ்’ என்று எழுதியிருந்தார். “கார்டு இருந்தா தட்டிட்டுப் போங்கக்கா, சீக்கிரம் முடிஞ்சிரும்” என்றார் கடைக்காரத் தம்பி. “இல்ல தம்பி, காசுதான்” என்று உறையைப் பிரித்து எண்ணிக் கொடுத்தார் மனைவி. பின்னால் நின்றவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை போனது. எனக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை என் பணப்பையில் மூன்று கடன்பற்று அட்டைகள் இருந்தன. மூன்றிலும் சேர்த்து 22,000 வெள்ளி கடன். அது என் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தக் கதையை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரியைப் படிக்கும்போதே தன் பணப்பையை ஒருமுறை தொட்டுப் பார்க்கும் வாசகர் ஒருவராவது இருப்பார். அவருக்காக எழுதுகிறேன்.

சீர்வரிசையில் தொடங்கியது

நான் துவாசில் ஒரு கிடங்கில் பராமரிப்புத் தொழில்நுட்பராக வேலை பார்க்கிறேன். ஈசூனில் நாலறை வீடு. சூதாட்டம் கிடையாது, குடி கிடையாது. கடனில் விழுபவர்கள் எல்லாரும் ஊதாரிகள் என்று நானும் நினைத்திருந்தவன்தான்.

என் அக்கா மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். 2018ல் அவருடைய மூத்த மகளுக்குத் திருமணம். தாய்மாமன் சிங்கப்பூரிலிருந்து வருகிறான் என்றால் ஊரே தட்டை எட்டிப் பார்க்கும். ஐந்து சவரன் நகையும் நான்கு பேருக்கு விமானச் சீட்டுமாக 6,200 வெள்ளி ஆனது. நகையைச் சிராங்கூன் சாலைக் கடையில்தான் வாங்கினேன். அட்டையை நீட்டினேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. போனஸ் வந்ததும் கட்டிவிடலாம் என்பது எண்ணம்.

போனஸ் வந்தபோது அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. பணம் அங்கே போனது. அட்டைக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினேன்.

பிறகு இன்னொரு வங்கியிலிருந்து ஒரு சலுகை வந்தது. பழைய அட்டையின் நிலுவையை அவர்களிடம் மாற்றிக்கொண்டால் ஆறு மாதத்துக்கு வட்டி இல்லை, ஒரு முறை கட்டணம் மட்டும். நல்ல திட்டம்தான், அந்த ஆறு மாதத்துக்குள் முழுக்கக் கட்டி முடிப்பவருக்கு. நான் என்ன செய்தேன்? பழைய அட்டை காலியானதும் அது புதுப் பணம் போலத் தெரிந்தது. பள்ளிச் செலவு, குளிர்பதனப் பெட்டி, வாரா வாரம் மளிகை. ஆறு மாதம் முடிந்தபோது புது அட்டையில் வட்டி ஓட ஆரம்பித்தது, பழைய அட்டையும் பாதி நிறைந்திருந்தது. ஒரு குழியை மூட இன்னொரு குழி தோண்டி, முதல் குழியையும் திறந்தே வைத்திருந்தேன். மூன்றாவது அட்டை வந்தது இந்த இரண்டுக்கும் குறைந்தபட்சத் தொகை கட்டத்தான் என்று சொன்னால் போதும்.

3 விழுக்காடு செய்யும் வேலை

இங்கே பெரும்பாலான வங்கிகள் கேட்கும் குறைந்தபட்சத் தொகை, நிலுவையில் 3 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

10,000 வெள்ளி நிலுவை என்று வையுங்கள். குறைந்தபட்சம் 300 வெள்ளி கட்டுகிறீர்கள். ஒரு மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 210 வெள்ளிக்கு மேல். ஆக, கடன் குறைவது 90 வெள்ளிக்கும் கீழேதான். அடுத்த மாதம் நிலுவை சற்றுக் குறைவதால் வங்கி கேட்கும் தொகையும் சற்றுக் குறையும். நமக்கு மகிழ்ச்சி. ஆனால் பொறி அங்கேதான் இருக்கிறது. வங்கி கேட்பதை மட்டும் கட்டிக்கொண்டே போனால், புதிதாக ஒரு காசுகூடச் செலவு செய்யாவிட்டாலும், கடன் தீர 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மொத்தம் கட்டியிருப்பது 30,000 வெள்ளியைத் தாண்டும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம். வங்கி குறைத்துக் கேட்டாலும், நீங்கள் முதல் மாதம் கட்டிய அதே 300 வெள்ளியை ஒவ்வொரு மாதமும் கட்டுங்கள். ஐந்து ஆண்டுக்குள் கடன் தீரும், மொத்தம் சுமார் 18,000 வெள்ளியில். மாதம் 500 வெள்ளி கட்ட முடிந்தால் இரண்டு ஆண்டும் சில மாதமும் போதும், மொத்தம் 13,500 வெள்ளிக்குள். சம்பளம் உயரவில்லை, லாட்டரி விழவில்லை. கட்டும் தொகையைக் குறைய விடாமல் பிடித்துக்கொண்டதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. முழு நிலுவையையும் கட்டுபவருக்குத்தான் அந்தச் சில வார வட்டியில்லாக் காலம். பாக்கி வைத்தவருக்கு, இன்று வாங்கும் ஒரு மூட்டை அரிசிக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். நான் மாதம் 660 வெள்ளி குறைந்தபட்சம் கட்டிவிட்டு, கையில் காசில்லாமல் மளிகையை மறுபடி அட்டையில் வாங்கிக்கொண்டிருந்தேன். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதைதான்.

என் அப்பா இளவயதில் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் சமையலுக்கு எடுபிடியாக இருந்தவர். தரையில் வரிசையாகக் கைப்பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒருவர். கடன் கேட்டு வருபவர் எதிரே உட்கார வேண்டும். எதற்கு, எவ்வளவு, எப்போது திருப்புவாய் என்று கேட்பார்களாம். “கடன் கேக்கறவன் முகம் தொங்கிப் போயிரும்டா” என்பார் அப்பா. அந்தக் கிட்டங்கிகள் 1970களில் நகரச் சீரமைப்பில் இடிக்கப்பட்டன. இன்று அந்த வட்டாரம் முழுக்க வானைத் தொடும் அலுவலகக் கட்டடங்கள். அட்டை யாரையும் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பதில்லை. அதனால்தான் மூன்று முறை கடன் வாங்கியும் என் முகம் தொங்கவில்லை.

வெட்கம் விழுங்கிய வாய்ப்பு

2020ல் கொவிட் வந்தது. கிடங்கில் மிகை நேர வேலை நின்றது. 3,700 வெள்ளி சம்பளம் 2,700 ஆனது. அப்போது மூன்று அட்டைகளிலும் சேர்த்து 16,000 வெள்ளி நிலுவை.

அந்த ஏப்ரல் மாதத்தில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகளும் ஒரு நிவாரணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. வருமானம் 25 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தவர்கள், கடன்பற்று அட்டை நிலுவையை ஐந்து ஆண்டு வரையிலான தவணைக் கடனாக மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். வட்டி 8 விழுக்காட்டுக்கு மேல் போகாது. செய்தித்தாளில் படித்தேன். என் சம்பளம் 27 விழுக்காடு குறைந்திருந்தது.

நான் விண்ணப்பிக்கவில்லை. வீட்டுக்குக் கடிதம் வருமோ, மனைவிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது. 16,000 வெள்ளிக்கு 8 விழுக்காட்டில் ஐந்து ஆண்டுத் தவணை மாதம் 325 வெள்ளிதான். நான் அப்போது குறைந்தபட்சமாகக் கட்டிக்கொண்டிருந்தது 480. அதிகமாகக் கட்டி, கடனையும் வளர்த்திருக்கிறேன். வட்டியைவிட வெட்கத்துக்குத்தான் நான் அதிகம் கட்டினேன்.

சாமிப் படத்துக்குப் பின்னால்

வங்கிக் கடிதங்களைப் பூசை அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். அங்கே யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று நினைப்பு. 2022 தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது மனைவி படத்தைக் கழற்றித் துடைத்திருக்கிறார்.

வேலை முடிந்து வந்தேன். சாப்பாட்டு மேசையில் கடிதங்கள் தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. “பதினெட்டு கடுதாசி இருக்கு. நான் பிரிக்கல. மொத்தம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். எனக்குச் சரியான தொகை தெரியவில்லை. அதுதான் எனக்கே பெரிய அதிர்ச்சி. ஒன்றொன்றாகப் பிரித்துக் கூட்டினோம். 9,400, 7,800, 4,800. மொத்தம் 22,000.

இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மகளின் பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை என் முன்னால் வைத்தார். முதல் பக்கத்தில் கோடு போட்டிருந்தார். எந்த அட்டை, எவ்வளவு நிலுவை, என்ன வட்டி, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். “எழுதுங்க. இனிமே இது சாமி மாடத்துல வேணாம், மேசையிலயே இருக்கட்டும்” என்றார். அட்டைகளைக் கத்தரித்தது அன்றைக்குத்தான்.

அக்காவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். இரண்டாவது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை என்னால் பெரிதாகச் செய்ய முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அக்கா சொன்னார்: “தம்பி, நீ போட்ட அந்த நகை மறு வருசமே அடகுக்குப் போயிருச்சுடா. உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல.”

நான் வட்டி கட்டிக்கொண்டிருந்த நகைக்கு அங்கேயும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. இருவருமே மற்றவர் கௌரவத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

கதவைத் தட்டினால்

அண்டை வீட்டு நண்பர் ஒருவர் ‘கடன் ஒருங்கிணைப்புத் திட்டம்’ பற்றிச் சொன்னார். 2017 முதல் வங்கிகள் வழங்கும் திட்டம் அது. பல வங்கிகளின் பிணையில்லாக் கடன்களை ஒரே வங்கியில், குறைந்த வட்டியில் ஒன்றாக்கித் தருவார்கள். ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், அதிலும் ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்குக் கீழ் உள்ளவர்களுக்கு. பிணையில்லாக் கடன் மாத வருமானத்தைப்போல் 12 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். என் கடன் ஆறு மாதச் சம்பளம்தான். தகுதி இல்லை.

அடுத்து ‘கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்’. இது லாப நோக்கமற்ற அறநிறுவனம், கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை தருவது. முதலில் ஒரு தகவல் உரை. பிறகு வரவு செலவு விவரங்களோடு ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். திட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன். சம்பளச் சீட்டு, மின்கட்டணம், அரிசி பருப்பு வரை கேட்டு எழுதினார்கள், அவ்வளவுதான். மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்து, அதற்கேற்ற ஒரு திட்டத்தை வங்கிகள் முன் வைத்தார்கள். இதைக் கடன் நிர்வாகத் திட்டம் என்கிறார்கள். வங்கிகள் சம்மதித்தால்தான் நடக்கும். அது நீதிமன்ற உத்தரவு அல்ல, இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு.

மனைவி தன் பழைய சங்கிலியையும் இரண்டு வளையலையும் விற்று 4,000 வெள்ளி கொடுத்தார். மீதம் 18,000. வங்கிகள் வட்டியைக் குறைத்துக்கொண்டன. 2023 ஜனவரி முதல் மாதம் 500 வெள்ளி, 42 தவணை. இதுவரை 34 கட்டியாகிவிட்டது.

கடன் இன்னும் பெரிதாகி நொடிப்பு வழக்கு வரை போனவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. நிலையான வருமானமும் 150,000 வெள்ளிக்கு மேற்படாத கடனும் இருந்தால், கடன் திரும்பச் செலுத்தும் திட்டத்துக்கு நீதிமன்றம் அனுப்பிவைக்கக்கூடும். ஐந்து ஆண்டுக்குள் முறையாகக் கட்டினால் நொடித்துப்போனவர் என்ற பெயரைத் தவிர்க்கலாம். கடனோடு குடும்பச் சிக்கலும் சேர்ந்துகொண்டால், சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி ரோட்டில் இருக்கும் சிண்டாவை நாடலாம். தமிழில் பேசலாம் என்பதே பாதிப் பாரத்தை இறக்கிவிடும்.

பட்டுத் தெரிந்துகொண்ட சில

கடன் சிறியதாக இருந்து, நீங்களே கட்டி முடிக்க நினைத்தால் வழி இரண்டு. வட்டி அதிகமான அட்டைக்கு முடிந்த அளவு கூடுதலாகக் கட்டி, மற்றவற்றுக்குக் குறைந்தபட்சம் கட்டுவது ஒன்று. பணம் மிச்சமாவது இதில்தான். மிகச் சிறிய நிலுவையை முதலில் தீர்ப்பது இன்னொன்று. இதில் வட்டி கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் ஓர் அட்டை ஒழிந்த தெம்பு கிடைக்கும். எதில் நிலைத்து நிற்பீர்களோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையைக் கட்ட, கடன் கொடுக்கும் கடைக்குப் போகாதீர்கள். உரிமம் பெற்றவர்களே மாதம் 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். ஆண்டுக்கு 48. அதோடு கடன் தொகையில் 10 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணம். 26 விழுக்காட்டுக்குப் பயந்து 48க்குள் குதிப்பது அடுப்புக்குப் பயந்து நெருப்பில் விழுவதுதான்.

குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் ‘உடனடிக் கடன்’ என்று வந்தால் தொடவே வேண்டாம். உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் அப்படி விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. அப்படி வருவது ஒன்று மோசடி, இல்லை கடன் முதலை. எனக்கும் வந்தது. சம்பளத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ராத்திரி பதினொரு மணிக்கு. பதில் எழுதத் தொடங்கி அழித்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வேர்க்கிறது.

அட்டையில் ரொக்கம் எடுப்பதும் வேண்டாம். எடுத்த உடனே கட்டணம், எடுத்த நாள் முதலே வட்டி.

தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதி தாண்டுமுன் வங்கியை அழையுங்கள். தாண்டினால் தாமதக் கட்டணமே 100 வெள்ளி அளவில் வந்து விழும்.

கடைசியாக, வீட்டில் சொல்லுங்கள். மேலே சொன்ன எதுவும் அதற்குப் பிறகுதான் வேலை செய்யும்.

மகள் கேட்ட கேள்வி

என் மகள் இந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மாதம் 2,500 வெள்ளி. ஆண்டுக்கு 30,000. கடன்பற்று அட்டைக்கு வேண்டிய குறைந்தபட்ச வருமானம் சரியாக அதுதான். கடைத்தொகுதியில் நின்ற ஒருவர் அவள் கையில் ஒரு விண்ணப்பத் தாளைக் கொடுத்திருக்கிறார். மாதச் சம்பளத்தைப்போல் நான்கு மடங்கு வரை, அதாவது 10,000 வெள்ளி வரை, ஒரு வங்கி அவளுக்குக் கடன் வரம்பு தரலாம்.

“எடுக்கலாமாப்பா?” என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் குறைந்தது அவள் கேட்டாள். நான் யாரையும் கேட்காமல்தான் மூன்று எடுத்தேன். அதனால் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து அவள் முன்னால் பிரித்தேன். முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னேன். மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்து முடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. “ஒண்ணு போதும்பா. வரம்பு ஆயிரம் வெள்ளிக்கு மேல வேணாம்னு எழுதிடறேன். மாசா மாசம் முழுத் தொகையும் ஜைரோவுல பிடிச்சுக்கச் சொல்லிடறேன்” என்றாள். நான் எட்டு ஆண்டில் கற்றதை அவள் அரை மணி நேரத்தில் படித்துவிட்டாள்.

இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் புதுத் துணி உண்டு, முறுக்கு உண்டு. உறையில் இருந்த காசு அதற்குப் போதுமானதாக இருந்தது. ‘பலகாரம்’ உறையில் 12 வெள்ளி மிஞ்சியது. மனைவி அதை நோட்டுப் புத்தகத்தில் வரவு வைத்தார்.

இன்னும் எட்டுத் தவணை.